சாணி ஒட்டிய பந்து

ஏரிக்கரையை விட்டு – 14

போன வாரம் பனமலைத் தாளகிரீஸ்வரர் கோயிலில், சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி நிற்கிற பார்வதியின் ஓவியத்துக்கு முன்னால் உங்களை நிறுத்திவிட்டு வந்தேன். ராஜசிம்ம பல்லவன் காலத்து வண்ணம். ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் உதிர்ந்தது போக மிச்சம். அதைப் பார்த்து முடித்து வெளியே வந்து பாறை மேல் நின்றபோது, கூட வந்த மச்சான் கீழே கையைக் காட்டி, "மாமா, அப்படியே கோல்ஃப் கோர்ஸ் மாதிரி இருக்கு" என்றான்.

அவன் காட்டியது எங்கள் ஏரியை. அது வைகாசி மாதம். தண்ணீர் உள்வாங்கி, நடுவில் கரம்பை வெடித்துக் கிடக்க, ஓரத்தில் ஈரம் தங்கிய இடமெல்லாம் அருகும் கோரையும் பச்சை கட்டியிருந்தது. ஆடும் மாடும் மேய்ந்து மேய்ந்து, அளவெடுத்து மழித்ததுபோல் புல் கட்டையாக இருந்தது. இடையிடையே பனை. எனக்குச் சுருக்கென்றது. ஏரி ஏரி மாதிரிதான் இருக்கிறது என்று சொல்ல இந்தக் காலத்தில் ஒருத்தருக்கும் வாய் வராது போலிருக்கிறது.

மச்சான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ்காரர்கள் அவனைக் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். அன்றிலிருந்து வேறு பேச்சு இல்லை. "நீங்க நிஜ கோர்ஸைப் பாத்துட்டு அப்புறம் கோவப்படுங்க" என்றான். ஆவணிக் கடைசியில் கொடைக்கானலுக்குச் சீட்டு எடுத்துவிட்டான்.

கொடைக்கானலுக்கு நான் அதற்கு முன் ஆறேழு முறையாவது போயிருக்கிறேன். ஏரியைச் சுற்றிச் சைக்கிள், தூண்பாறையில் மூடுபனி, குணா குகை, வீட்டில் செய்த சாக்லேட் என்று எழுதி ஒட்டிய கடை. எல்லோருக்கும் தெரிந்த கொடைக்கானல் இதுதான். தூண்பாறைக்குப் போகிற வழியில் பச்சைப் பள்ளத்தாக்கு என்று ஓரிடத்தில் வேன் நிற்கும். முன்பு தற்கொலை முனை என்று பெயர். கம்பிவேலிக்கு அப்பால் செங்குத்தாக இறங்கும் பள்ளம், வானம் வெளுத்திருந்தால் தூரத்தில் வைகை அணை. எல்லோரும் அந்தப் பக்கமே பார்ப்போம். அதே சாலையில் கோல்ஃப் கிளப் இருக்கிறது என்பது ஏழு முறை போயும் என் கண்ணில் பட்டதில்லை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1895-இல். பதினெட்டுக் குழி மைதானம். உறுப்பினர் அல்லாதவரும் விருந்தினர் கட்டணம் கட்டி ஆடலாம், கிளப் என்றே பெயருள்ள கோல்களை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விழுப்புரத்தில் நடுராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன் கொடை ரோட்டில் இறங்கினோம். அங்கிருந்து வண்டி. 2024 மே மாதத்திலிருந்து, நீதிமன்ற உத்தரவுப்படி, மலைக்குப் போகிற வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். வாங்கியிருந்தோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் வீட்டுக்காரி தூங்கிவிட்டாள். அவள் எங்களோடு ஆட வரப்போவதில்லை என்று புறப்படும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தாள். பூம்பாறைக்குப் போய்க் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு மலைப்பூண்டு வாங்கி வருவது அவள் திட்டம். மூவரில் லாபத்தோடு திரும்பியது அவள்தான்.

வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போகும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1895-இல் இந்தச் சாலை கிடையாது. இது வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில். அதற்கு முன்னால், இன்று கொடை ரோடு என்கிற அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். டோலி என்றால் நாலு ஆள் தோளில். துரை கோல்ஃப் ஆட வேண்டுமென்றால் துரையும் அவர் கோல்களும் யாரோ ஒருவர் தோளில்தான் மேலே போயிருக்க வேண்டும். அந்தப் பாதைக்கு ஆங்கிலத்தில் கூலி காட் என்றே பெயர். பெயர் வைத்தவன் ஒளிக்கவில்லை.

அந்தக் கோல்களோடு போன பந்து எது என்று யோசித்தால் கதை இன்னும் நீளும். ஆதியில் கோல்ஃப் பந்து என்பது தோல் பைக்குள் இறகை அடைத்துத் தைத்தது. ஈரம் பட்டால் கெட்டுவிடும், விலையும் அதிகம். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா வந்தது. மலாய்க் காடுகளில் ஒரு மரத்தை வெட்டி எடுக்கிற பால். சுடுநீரில் போட்டால் இளகும், ஆறினால் கல்லாகும், உடைந்தாலும் உருக்கி மறுபடி உருட்டிக்கொள்ளலாம். ரப்பர் நூல் சுற்றிய பந்து அமெரிக்காவில் 1890-களின் கடைசியில்தான் பிறந்தது. ஆகவே கொடைக்கானலில் முதலில் பறந்தது மலாய் மரத்துப் பால். நம் தென்னாற்காட்டு ஆட்கள் கப்பலேறி மலாய்த் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலம். ஆள் அந்தப் பக்கம் போக, பந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறது.

மைதானத்துக்குள் போனதும் மச்சான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஏழாயிரம் அடி உயரத்தில், மடிப்பு மடிப்பாக இறங்கி ஏறுகிற புல்மேடு. மடிப்புகளுக்குள் மரக்கூட்டம். சமதளம் என்று சொல்ல ஒரு பாய் விரிக்க இடம் இல்லை. தூரத்தில் ஒரு மேட்டின் மேல் கொடி, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, மேகம்தான். படத்தில் பார்க்கிற கோல்ஃப் மைதானம் கல்யாண மண்டபத்துக் கம்பளம்போல் இருக்கும். இங்கே புல்லில் மேடுபள்ளமும் குளம்புத் தடமும் இருந்தன. எனக்கு அது பிடித்தது.

பையைத் தூக்க ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பக்கத்துக் கிராமம், இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. இந்த வேலைக்குப் பெயர் கேடி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரைக் கேடி என்று கூப்பிட்டுவிட்டு முழுசாக வீடு திரும்ப முடியாது. நான் கடைசிவரை அண்ணே என்றே கூப்பிட்டேன். அவர் என் கிளப்பை நான் பிடித்த விதத்தைப் பார்த்தார். "சார் கிரிக்கெட் ஆடுவீங்களோ?" என்றார். ஆடியிருக்கிறேன், ஏரிக்குள், பனமட்டையில். பனமட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வயிற்றுக்குக் குறுக்கே இழுக்காவிட்டால் பந்து நகராது. அந்தப் பழக்கம் நாற்பது வருஷம் கழித்தும் மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. முதல் அடியில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது அடியில் புல் பறந்தது. மூன்றாவது அடியில் பந்து எழுந்து, எனக்கே ஆச்சரியமாக, நெடுந்தூரம் போய் இடதுபக்கத்து மரங்களுக்குள் விழுந்தது. "மலைக் காத்து சார், இங்க எல்லாருக்கும் கொஞ்சம் தூரமாப் போகும்" என்றார் அண்ணன், நான் பெருமைப்பட்டுவிடக் கூடாதே என்று. அது உண்மைதான். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து கூடுதலாகப் பறக்கும். தப்பாக அடித்தாலும் கூடுதலாகத்தான் பறக்கும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சிறிதான ஒரு பந்து, எடை 46 கிராமுக்குள். அதைத் தரையிலிருந்து அடித்து அடித்து, நூறுகளில் கணக்காகிற கஜ தூரத்தில் இருக்கிற, 108 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழிக்குள் தள்ள வேண்டும். எத்தனை அடி என்பதே கணக்கு, குறைந்தால் நல்லது. பையில் பதினாலு கிளப்புக்கு மேல் கூடாது. பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிஷம். 2019-க்கு முன் ஐந்து நிமிஷம் இருந்ததாம். கிடைக்காவிட்டால் ஒரு அடியை அபராதமாகச் சேர்த்துக்கொண்டு, பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும். மரத்துக்குள் போன என் பந்தை அண்ணன் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டார். பந்தைப் பார்க்கவில்லை, பந்து விழுந்தபோது பறந்த குருவியைப் பார்த்தேன் என்றார்.

ஐந்து குழிவரை எனக்கு நடந்ததைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கமாட்டேன்.

ஆறாவதில் ஒன்று நடந்தது. கொடி நிற்கிற இடத்தைக் கிரீன் என்பார்கள். புல்லை ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள், அதன் மேல் பந்தை உருட்டுவதுதான் வழக்கம். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தது. மச்சான் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, கிளப்பைத் தூக்குநூல்போல் தொங்கவிட்டுப் பார்த்து, நேராக உருட்டினான். பந்து பாதிவழியில் மனம் மாறி வலதுபக்கம் இறங்கிப் போய்விட்டது. அண்ணன் என்னிடம் சொன்னார்: "பந்துன்னு பாக்காதீங்க சார். இங்க ஒரு குடம் தண்ணிய ஊத்துனா எங்கிட்டு ஓடும்னு பாருங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதா காலையிலேயே! எங்கள் வீட்டில் ஏரிப் பாசனத்தில் ஒன்றரைக் காணி. சேடை ஓட்டிப் பரம்படித்த பிறகு வரப்பில் நின்று, எந்த மூலை மேடு, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று பார்க்கிற வேலை சிறுவயதில் எனக்கு. அப்பா மண்வெட்டியோடு நடுவயலில் நிற்பார், நான் வரப்பிலிருந்து கத்துவேன். ஒரு விரல்கடை மேடு இருந்தால் அங்கே நாற்று காயும். அந்தக் கண் எனக்கு இன்னும் போகவில்லை. கிரீனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தேன். மேல்மூலையில் மடை என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் எப்படிப் போகும்? குழிக்கு மூன்று முழம் இடதுபக்கம் தள்ளிக் குறிவைத்து மெல்ல உருட்டினேன். பந்து வளைந்து வளைந்து போய், விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே விழுந்தது. மச்சான் கைதட்டினான். அண்ணன் கொடியை மறுபடி குழியில் நட்டபடி, "சார் விவசாயமோ?" என்றார்.

இப்போது மச்சானின் ஏரிப் பேச்சுக்கு வருகிறேன். கோல்ஃப் பிறந்த இடம் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேட்டுப் புல்வெளி. ஊர்ப் பொதுவாகக் கிடந்தது, ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது. புல்லைக் கட்டையாக வைத்தது ஆடு. இன்று கோடி ரூபாய் செலவில் மணல் கொட்டிச் செய்கிற பங்கர் என்கிற பள்ளம்கூட, கடல்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துக் குழிந்த இடம்தான் என்று சொல்வார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மேய்க்கால் புறம்போக்கு. வேலைவெட்டியை விட்டுவிட்டு எல்லோரும் அங்கே போய்விட்டார்கள் போலிருக்கிறது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457-இலேயே இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. அப்புறம் கப்பலேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் போன இடத்திலெல்லாம் புல்வெளி தேடினார்கள். பிரிட்டனுக்கு வெளியே முதல் கிளப் 1829-இல் கல்கத்தாவில். ஆகவே எங்கள் ஏரி கோல்ஃப் மைதானம் மாதிரி இல்லை மச்சான். கோல்ஃப் மைதானம்தான், மேய்ச்சல் நிறுத்தப்பட்ட எங்கள் ஏரி மாதிரி.

கொடைக்கானலில் மேய்ச்சலும் நிற்கவில்லை. ஏழாவது குழிக்கு நான் அடித்த பந்து நல்ல நேராகப் போய், எதிர்மேட்டின் சரிவில் உருண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். பாதிவழியில் அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார். மடிப்புக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று ஏறி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஒன்பது, இரண்டு கன்று உட்பட. கறுத்து மினுக்கும் உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல். முதலில் வந்த கிடாரியே என் தோளுயரம், கடைசியில் வந்த காளை என்னைவிட உயரம். ஆயிரம் கிலோவரை வளருகிற மிருகம். என் பந்து கிடந்த இடத்தைச் சுற்றி நின்று மேயத் தொடங்கின.

இதைக் காட்டெருமை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எருமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மாட்டு இனம்தான். வெள்ளைக்காரர்கள் பைசன் என்றார்கள், அதுவும் தப்பு. சங்கப் புலவர்கள் ஆமா என்றார்கள். அண்ணன் மாடு என்றார். புலவர்களும் அண்ணனும் சொன்னது சரி.

மச்சான் சட்டப்புத்தகம் படித்தவன். கோல்ஃப் விதிகளில் இதற்கும் இடம் இருக்கிறது என்று கிசுகிசுத்தான். ஆபத்தான பிராணியால் இடைஞ்சல் என்றால் அபராதம் இல்லாமல் வேறிடத்தில் பந்து போட்டு ஆடலாம். விஷப்பாம்பு, கொட்டுகிற தேனீ, முதலை, கரடி என்றெல்லாம் விதியே உதாரணம் சொல்கிறது. "குழிக்குப் பக்கமாப் போகாம, பத்திரமான எடமாப் பாத்துப் போட்டுக்கலாம் மாமா." அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "எங்கிட்டுப் போட்டாலும் அதைத் தாண்டித்தானே சார் போகணும்?"

உட்கார்ந்தோம். தூறல் விழுந்தது. அண்ணன் குடையை விரித்தார், நான் கிளப்பை ஊன்றிச் சாய்ந்துகொண்டேன். அரைமணி நேரம் இருக்கும். பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல அரைமணி அதுதான். மாடுகள் புல்லைப் பிடுங்குகிற சத்தம் கேட்கிற தூரம். நம் வீட்டு மாடு மேய்கிற அதே சத்தம், கொஞ்சம் கனத்து.

அண்ணன் மெல்லப் பேசினார். அவர் சிறுவயதில் இவ்வளவு மாடு ஊர்ப்பக்கம் வராதாம். மேலே புல் இருந்தது, அங்கேயே மேய்ந்தது. "அங்கிட்டுப் பூராம் மரம் வச்சுட்டாங்கள்ல" என்றார். நூறு பக்க அறிக்கையில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொன்னார். பழனி மலையின் மேற்பரப்பு, மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக இருந்தது. புல்லை வருமானம் தராத வெற்றுநிலம் என்று கணக்கெழுதினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு வேகமெடுத்து, தோல் பதனிடச் சீகை மரமும், விறகுக்கு யூகலிப்டஸும், பைனும் நட்டார்கள். சீகை தானாகவே பரவியது. இன்று அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி இல்லை. நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற பைன் காடு அந்தப் புல்லின் மேல் நிற்பதுதான். அந்தப் புல் மழைநீரைப் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டதால்தான் ஒருபக்கம் வைகைக்கும் மறுபக்கம் அமராவதிக்கும் தண்ணீர் போனது. புல்லைத் தேடி இறங்குகிற மாட்டுக்கு ஊருக்குப் பக்கத்தில் திறந்த வெளி என்றால் இந்த மைதானம் ஒன்று. 2013-இல் சுற்றியுள்ள காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மாடு அறிவிப்பைப் படிப்பதில்லை, புல்லைப் படிக்கிறது.

நான் கோல்ஃபுக்கு வக்காலத்து வாங்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் நூறு ஏக்கருக்குப் புல் வளர்த்து, குழாய்த் தண்ணீர் பாய்ச்சி, பூச்சிமருந்து அடிக்கிற மைதானங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இங்கே கோபம் வரவில்லை, அவ்வளவுதான். பங்களாவும் பைனும் மூடிய மலையில், ஒரு விளையாட்டின் புண்ணியத்தில் கொஞ்சம் மேய்ச்சல் நிலம் மேய்ச்சல் நிலமாகவே தப்பிக் கிடக்கிறது. 1895-இல் அதை வளைத்தவர்கள் மாட்டை மனதில் வைத்து வளைத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் காளை தலையைத் தூக்கி எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் மடிப்புக்குள் இறங்கியது. மற்றவை பின்னால் போயின. அண்ணன் இன்னும் ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். "கடைசி மாடுன்னு நாம நினைக்கிறது கடைசி மாடா இருக்காது சார்."

பந்து அதே இடத்தில் இருந்தது. ஒரு குளம்பும் அதைத் தொடவில்லை. ஆனால் உருண்டு போனபோதே ஒரு சாணிக் குவியலில் முட்டி நின்றிருந்தது. ஒருபக்கம் வெள்ளை, ஒருபக்கம் பச்சை. நான் குனிந்தேன்.

"மாமா, தொடாதீங்க!"

இதற்கும் விதி இருக்கிறது. தரையில் கிடக்கிற சாணி, சருகு, சுள்ளி எல்லாம் ஒரே வகை. பந்து அசையாமல் சாணியை அகற்றிக்கொள்ளலாம், அபராதம் இல்லை. ஆனால் பந்தில் ஒட்டிய சாணி அந்த வகையில் சேராது. அதைத் துடைக்கக் கூடாது, ஒட்டியபடியே அடிக்க வேண்டும். கையில் எடுத்துத் துடைத்தால் ஒரு அடி அபராதம். மச்சான் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னான். சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்தும் நின்றான், வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தான்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்மேட்டுக் கொடி மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் நின்றால் எந்தப் பக்கம் அடிப்பது என்றே தெரியாது. பந்தை எடுத்து, பச்சைப் பக்கத்தைக் கட்டைவிரலால் வழித்து, ஈரப்புல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். விரலை முகர்ந்து பார்த்தேன். வீட்டு மாட்டுச் சாணிக்கு இதைவிட வாசனை உண்டு. இதில் பச்சைப்புல் வாடைதான் அதிகம்.

ஒன்பதாவது குழியோடு பனி முழுசாக இறங்கிவிட்டது, நிறுத்திக்கொண்டோம். கணக்குச் சீட்டை மச்சான் கொண்டுவந்திருக்கிறான், ஏழாவது குழிக்கு நேராக எனக்கு 11 என்று எழுதியிருக்கிறது. அதில் ஒன்று சாணிக்கு.

(அடுத்த வாரம்: மன்னவனூர் ஆடுகள்)